குறுகிய கால மிஷன் பயணம்: விமானம் ஏறுவதற்கு முன் முடிக்க வேண்டிய வேலைகள்

வெளிநாட்டுச் சபை ஒன்றில் சில நாள் ஊழியம் செய்துவிட்டு நாங்கள் வீடு திரும்பி மூன்று வாரம் ஆகியிருக்கும். எங்களை அழைத்து உபசரித்த உள்ளூர் போதகரிடமிருந்து ஒரே வரியில் செய்தி வந்தது: “பிரதர், அந்தப் படத்தை மட்டும் எடுத்துவிடுங்கள்.” எந்தப் படம் என்று தேடினால், எங்கள் டீமில் ஒருவர் முகநூலில் போட்டிருந்த ஜெபக் கூட்டப் படம். முகங்கள் தெரியக் கூடாது என்று அவர் கவனமாக முதுகுப் பக்கமிருந்துதான் எடுத்திருந்தார். ஆனால் சுவரில், நாட்காட்டிக்குப் பக்கத்தில், மின் கட்டண ரசீது ஒன்று ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. படத்தைப் பெரிதாக்கினால் வீட்டு எண் படிக்க வரும். யாரோ பெரிதாக்கிப் படித்திருக்கிறார்கள்.

அந்த வீட்டுக்காரர் வேறு வீடு பார்க்க வேண்டியதாயிற்று. எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. எங்கள் கையில் ரிட்டர்ன் டிக்கெட் இருந்தது.

பாதுகாப்பு என்றதும் நம் டீமுக்கு என்ன ஆகும் என்றுதான் எல்லோரும் கணக்குப் போடுகிறோம். பத்து நாளில் நாம் விடும் அஜாக்கிரதைக்குப் பெரும்பாலும் விலை கொடுப்பது நம்மை அழைத்தவர்கள். “கர்த்தர் பார்த்துக்கொள்வார்” என்று தடுப்பூசி போடாமல் வருகிறவரை, ஆஸ்பத்திரி வராந்தாவில் இரவெல்லாம் உட்கார்ந்து பார்த்துக்கொள்வது அந்த ஊர் விசுவாசிகள்தான். கீழே சொல்லும் ஒவ்வொரு படியையும் அந்தக் கண்ணோடு படியுங்கள். முழுதாகச் செய்ய ஆறு மாதம் இருந்தால் நல்லது. மூன்று மாதத்துக்குக் குறைவாக இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுவதே புத்திசாலித்தனம்.

படி 1: போகத்தான் வேண்டுமா?

யார் யாரை அழைத்தார்கள் என்பதில் தெளிவு வேண்டும். பல பயணங்களில் நாம்தான் “வருகிறோம்” என்று சொல்லியிருப்போம். அவர்கள் மரியாதைக்காக “வாருங்கள்” என்றிருப்பார்கள். உதவி அனுப்பும் சபையிடம் “வேண்டாம்” என்று சொல்வது அவர்களுக்கு எளிதல்ல. அதனால் கேள்வியை மாற்றிக் கேளுங்கள். “நாங்கள் வந்து போன பிறகு உங்களை யாராவது விசாரிப்பார்களா? எந்த மாதம் வந்தால் தொந்தரவு குறைவு? எத்தனை பேர் வந்தால் ஊர் கண்ணில் படாது?” இந்த மூன்றுக்கும் வரும் பதிலில் உண்மை நிலவரம் தெரிந்துவிடும். பதினைந்து பேர் போக நினைத்த இடத்துக்கு நான்கு பேர் போதும் என்று தெரியவந்தால், நான்கு பேர் போங்கள்.

அடுத்தது அரசுகளின் பயண எச்சரிக்கை. அமெரிக்க வெளியுறவுத் துறை ஒவ்வொரு நாட்டையும் நான்கு நிலைகளில் வகைப்படுத்துகிறது. நான்காம் நிலை என்றால் “போகாதீர்கள்”. பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா அரசுகளும் இப்படி வெளியிடுகின்றன. உங்கள் பாஸ்போர்ட் எந்த நாட்டுடையதாக இருந்தாலும் இவற்றில் இரண்டையாவது ஒப்பிட்டுப் படியுங்கள். நாட்டுப் பெயரோடு நிறுத்தாமல், நீங்கள் போகும் மாகாணத்தையும் நெடுஞ்சாலையையும் பற்றி என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று பாருங்கள்.

ஹைட்டியில் நடந்ததை நினைவில் வையுங்கள். 2021 ஆகஸ்டிலேயே அமெரிக்கா அந்த நாட்டை நான்காம் நிலையில் வைத்துவிட்டது. ஆள் கடத்தல் அதற்கு ஒரு முக்கியக் காரணம். அக்டோபர் 16 அன்று, தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸுக்கு வெளியே அனாதை இல்லம் ஒன்றைப் பார்த்துவிட்டு வண்டியில் திரும்பிக்கொண்டிருந்த மிஷன் குழுவினர் 17 பேரை ஆயுதக் கும்பல் பிடித்துக்கொண்டது. அதில் 5 பேர் குழந்தைகள். கடைசிப் பன்னிரண்டு பேர் வெளியே வந்தது டிசம்பர் 16 அன்று, சரியாக இரண்டு மாதம் கழித்து. எச்சரிக்கை இருக்கும் எந்த இடத்துக்கும் ஊழியர் போகவே கூடாது என்று சொல்ல வரவில்லை. வருடக்கணக்காக அங்கேயே குடியிருந்து, மொழி தெரிந்து, எந்தத் தெருவில் எப்போது போகலாம் என்று அறிந்தவர் எடுக்கும் ஆபத்து வேறு. பத்து நாள் விருந்தாளி எடுக்கும் ஆபத்து வேறு.

படி 2: விசாவில் பொய் வேண்டாம்

இதில் நான் கறாரானவன். சுற்றுலா விசாவில் போய் மேடையேறிப் பிரசங்கிப்பதைச் சிலர் சாமர்த்தியம் என்று பேசுகிறார்கள். அது பொய். மாட்டிக்கொண்டால் நம்மை அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவார்கள். அழைத்த சபையின் பதிவு ரத்தாகலாம், போதகர் சிறைக்கும் போகலாம்.

நாட்டுக்கு நாடு சட்டம் மாறும். நேபாளத்தின் 2015 அரசியலமைப்பு மதமாற்றம் செய்விப்பதைத் தடை செய்கிறது. 2018இல் நடைமுறைக்கு வந்த குற்றவியல் சட்டத்தின் 158ஆம் பிரிவு அதற்கு ஐந்து ஆண்டு வரை சிறை என்கிறது, வெளிநாட்டவரானால் தண்டனை முடிந்ததும் நாடுகடத்தல். மாலத்தீவில் இஸ்லாம் அல்லாத மதத்தைப் பரப்புவது குற்றம். இந்தியா மிஷனெரி விசா என்றே ஒரு தனிப் பிரிவு வைத்திருக்கிறது. சுற்றுலா விசாவில் அந்த வேலை செய்ய முடியாது. ஓர் ஆராதனையில் கலந்துகொள்வதற்கும், அதில் போதிப்பதற்கும், தெருவில் கைப்பிரதி கொடுப்பதற்கும் சட்டத்தின் முன் வித்தியாசம் உண்டு. நீங்கள் செய்யப்போகும் ஒவ்வொரு காரியத்தையும் ஒரு தாளில் எழுதி, அந்த நாட்டு வழக்கறிஞர் ஒருவரிடம் “இதில் எது முடியும், எது முடியாது” என்று கேட்டு வாங்குங்கள். முடியாததை அட்டவணையிலிருந்து அடித்துவிடுங்கள். கட்டடம் கட்ட, ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க என்று போனாலும் பல நாடுகளில் அது வேலைதான். தன்னார்வ வேலைக்கும் அனுமதி கேட்பார்கள்.

பாஸ்போர்ட்டைப் பற்றிச் சுருக்கமாக: திரும்பும் தேதிக்குப் பிறகும் ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும், வெற்றுப் பக்கம் இரண்டாவது இருக்க வேண்டும். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர் பெற்றோர் இல்லாமலோ ஒருவரோடு மட்டுமோ வந்தால், சான்றுறுதி செய்த சம்மதக் கடிதம் கையில் இருக்க வேண்டும்.

படி 3: யார் வரலாம், யார் வரக் கூடாது

பணம் கட்டியவர் எல்லோரும் வரலாம் என்ற பழக்கத்தை விட்டுவிடுங்கள். சேர்க்கும் முன் ஒவ்வொருவரும் உடல்நலப் படிவம் நிரப்ப வேண்டும்: நாள்பட்ட நோய், ஒவ்வாமை, தினசரி மாத்திரை, மனநலச் சிகிச்சை, கர்ப்பம். சபைக்குள்ளேயே இருப்பதால் மறைப்பார்கள். “தெரிந்தால் ஜெபக் குறிப்பில் போட்டுவிடுவார்களோ” என்ற பயம் நியாயமானதுதான். அதனால் படிவத்தை ஒரே ஒரு ஆள், முடிந்தால் டாக்டரோ நர்ஸோ, வாங்கிப் பூட்டி வைக்கட்டும். லீடருக்கு வேண்டியது இவர் வரலாமா, அவசரத்தில் என்ன செய்ய வேண்டும் என்ற இரண்டு தகவல் மட்டும்.

குழந்தைகளோடு பழகப் போகும் டீம் என்றால் ஒவ்வொருவருக்கும் காவல்துறைச் சான்று வாங்குங்கள். “நம் ஆட்களைப் போய்…” என்று முணுமுணுப்பார்கள். விதிவிலக்கு வேண்டாம், போதகருக்கும்.

லீடருக்கு எழுத்து மூலம் ஒரு அதிகாரம் கொடுங்கள்: யாரை வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் திருப்பி அனுப்பலாம், செலவு அனுப்பப்படுகிறவருடையது. கையெழுத்து வாங்கிவிட்டால், அந்த அதிகாரத்தைப் பயன்படுத்தும் நிலைமை அநேகமாக வராது.

படி 4: ஆறு முதல் எட்டு வாரம் முன்பே பயண மருத்துவரிடம்

கடைசி வாரத்தில் போய் நின்றால் பாதி ஊசிகளுக்கு அர்த்தமில்லாமல் போகும். டைபாய்டு ஊசி பலன் கொடுக்க இரண்டு வாரம் ஆகும். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் தடுப்பூசி வழக்கமாக 28 நாள் இடைவெளியில் இரண்டு தவணை. ஹெபடைட்டிஸ் ஏ ஊசிக்கு முதல் தவணையிலேயே நல்ல பாதுகாப்பு உண்டு. இரண்டாவது ஆறு மாதம் கழித்து. டெட்டனஸ் போட்டுப் பத்து வருடம் தாண்டிவிட்டதா என்று பாருங்கள். கட்டட வேலைக்குப் போகிறவர்கள் துருப்பிடித்த ஆணியை மிதிக்காமல் திரும்பியதை நான் பார்த்ததில்லை.

மஞ்சள் காய்ச்சலுக்குத் தனிச் சட்டம் உண்டு. ஆப்பிரிக்கா, தென் அமெரிக்காவில் பல நாடுகள் ஊசி போட்டதற்குச் சான்றான மஞ்சள் அட்டை இல்லாமல் உள்ளே விடாது. ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் சான்று செல்லும். 2016 ஜூலை 11 முதல் அது ஆயுள் முழுவதும் செல்லுபடியாகும். பழைய அட்டையில் பத்து வருடம் என்று அச்சிட்டிருந்தாலும் கவலையில்லை. திரும்பும் வழியையும் யோசியுங்கள்: நோய் உள்ள நாட்டிலிருந்து சான்று இல்லாமல் இந்தியாவில் இறங்கினால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்துவார்கள். அறுபது வயது தாண்டியவர்களும், நோய் எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களும், கர்ப்பிணிகளும் இந்த ஊசிக்கு முன் மருத்துவரிடம் விவரமாகப் பேச வேண்டும். இது உயிருள்ள கிருமியால் ஆன தடுப்பூசி.

மலேரியா மாத்திரையில் எல்லோரும் செய்யும் தப்பு, ஊர் திரும்பியதும் நிறுத்திவிடுவது. அடோவாகுவோன்-புரோகுவானில் என்றால் போவதற்கு ஓரிரு நாள் முன் தொடங்கி, திரும்பி ஏழு நாள் வரை. டாக்ஸிசைக்ளினும் ஓரிரு நாள் முன் தொடங்க வேண்டும், ஆனால் திரும்பி நான்கு வாரம் சாப்பிட வேண்டும். வெயிலில் தோல் சட்டென்று கன்றிப்போகும், வயல்வெளி வேலைக்குப் போகிறவர்கள் கவனிக்கவும். மெஃப்ளோகுயினை இரண்டு வாரத்துக்கும் மேலாக முன்பே தொடங்க வேண்டும். மனச்சோர்வு, பதற்றம் இருந்தவர்களுக்கு அது ஏற்றதல்ல. எது உங்களுக்கு என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். மாத்திரை சாப்பிட்டாலும் கொசுவலை வேண்டும். மலேரியா கொசு அந்தி முதல் விடியல் வரை கடிக்கும். டெங்கு பரப்பும் ஏடிஸ் பகலில் கடிக்கும். ஆக, நாள் முழுக்க விரட்டி பூச வேண்டும். வெயில் கிரீம் முதலில், அதன் மேல் கொசுவிரட்டி.

ரேபிஸ் பற்றிக் கொஞ்சம் அதிகம் சொல்ல வேண்டும். அறிகுறி தெரிந்துவிட்டால் பிழைப்பது கிட்டத்தட்ட இல்லை. எங்கள் டீமில் ஒரு பெண், சபை வளாகத்துக் குட்டி நாயைத் தூக்கிக் கொஞ்சினாள். விரலில் ஒரு கீறல், ரத்தம்கூடச் சரியாக வரவில்லை. அந்த ஊர் ஆஸ்பத்திரியில் தடுப்பூசி இருந்தது, அதோடு சேர்த்துக் காயத்தில் போட வேண்டிய இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பு மருந்து இல்லை. தலைநகருக்குப் பதினோரு மணி நேரம் வண்டி. இரண்டு நாள் ஊழியம் நின்றது பெரிதல்ல. தன் சொந்த வண்டியில் இரவும் பகலும் ஓட்டிவந்த அந்தச் சபை மூப்பர் மறுநாள் வேலைக்குப் போக முடியாமல் சம்பளம் இழந்தார். போவதற்கு முன்பே, ஒரு வார இடைவெளியில் இரண்டு ஊசி போட்டிருந்தால் இம்யூனோகுளோபுலினே தேவைப்பட்டிருக்காது, கடித்த பின் இரண்டு ஊசி போதும். முன்பே ஊசி போட்டவரும் காயத்தைச் சோப்பும் தண்ணீரும் விட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும், உடனே ஆஸ்பத்திரிக்கும் போக வேண்டும்.

மலை நாடு என்றால் இன்னொரு கணக்கு. பெருவின் குஸ்கோ சுமார் 3,400 மீட்டர். பொலிவியாவின் எல் ஆல்ட்டோ விமான நிலையம் 4,000 மீட்டருக்கும் மேல். இறங்கிய அன்றே கூட்டம் வைக்காதீர்கள். முதல் இரண்டு நாள் ஓய்வு. 3,000 மீட்டருக்கு மேல் போனால், இரவு தங்கும் உயரம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது. தலைவலியோடு தள்ளாட்டமோ மூச்சுத் திணறலோ வந்தால் ஜெபித்துக்கொண்டே கீழே இறங்குங்கள்; இறங்காமல் ஜெபிக்க வேண்டாம்.

படி 5: இன்சூரன்ஸில் ஒரு வரி

பாலிசியில் நான் முதலில் தேடுவது “மருத்துவ அவசர வெளியேற்றம்” என்ற வரியை. ஆஸ்பத்திரிச் செலவை எப்படியோ திரட்டிவிடலாம். தனி விமானத்தில் இன்னொரு நாட்டுக்குக் கொண்டுபோகும் செலவை ஒரு சபை தாங்காது. பிறகு விதிவிலக்குகளைப் படியுங்கள். அரசு “போகாதீர்கள்” என்று சொன்ன இடம், ஏற்கெனவே இருக்கும் நோய், உயரத்தில் ஏறிச் செய்யும் கட்டட வேலை, மோட்டார் சைக்கிள் — இந்த நான்கும் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும். தன்னார்வ வேலைக்குப் பாதுகாப்பு உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

படி 6: மருந்துப் பை

இடம் மிச்சம் பிடிக்க எல்லா மாத்திரையையும் பிரித்து ஒரே டப்பாவில் கொட்டிக்கொண்டு வருகிறவர் எல்லா டீமிலும் ஒருவர் இருப்பார். சுங்கத்தில் அந்த டப்பாவைத் திறந்தால் வெள்ளை வெள்ளையாக நாற்பது மாத்திரை. எது என்ன என்று அவருக்கே தெரியாது. மருந்து அதன் அட்டையிலேயே இருக்கட்டும், மருந்தின் பொதுப்பெயர் எழுதிய மருத்துவர் சீட்டோடு. நம் நாட்டில் சாதாரணமாக விற்பது அங்கே போதைப்பொருள் பட்டியலில் இருக்கலாம். கோடெய்ன், டிரமடால் கலந்த வலி நிவாரணிகளுக்கு ஐக்கிய அரபு அமீரகத்தில் கட்டுப்பாடு உண்டு. சூடோஎஃபெட்ரின் பத்து சதவீதத்துக்கு மேல் உள்ள சளி மருந்தை ஜப்பான் அனுமதிப்பதில்லை. தினசரி மருந்து பயண நாட்களைவிட ஒரு வாரத்துக்குக் கூடுதலாக, கைப்பையில்.

பொதுப் பையில் ஓ.ஆர்.எஸ் பொட்டலங்கள் நிறைய வையுங்கள். தீர்ந்துவிட்டால்: ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீர், ஆறு தட்டைக் கரண்டி சர்க்கரை, அரைக் கரண்டி உப்பு. கரண்டி என்றால் தேக்கரண்டி. உப்பை மட்டும் கண்ணளவில் போடாதீர்கள்.

மருத்துவ முகாம் நடத்தப் போகிறீர்களா? அந்த நாட்டுச் சுகாதார அமைச்சகத்தின் அனுமதி இல்லாமல் டாக்டரும் அங்கே வெறும் பயணிதான். நன்கொடை மருந்துகள் போய்ச் சேரும்போது குறைந்தது ஒரு வருடக் காலாவதி மிச்சம் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். நம் வீட்டு அலமாரியைக் காலி செய்ய அது இடமல்ல. குழந்தைப் பால்மாவு டின்களைப் பரிசாகக் கொண்டுபோகாதீர்கள். தாய்ப்பால் நின்றுபோகும், டின் பத்து நாளில் தீர்ந்துபோகும், பிறகு கரைக்கச் சுத்தமான தண்ணீருக்கும் வழியிருக்காது. இன்னொன்று: உங்கள் நாட்டில் உங்களுக்கு ஊசி போட அனுமதி இல்லையென்றால், அங்கேயும் இல்லை.

படி 7: சாலை

காட்டு மிருகம், தீவிரவாதி, விஷப் பாம்பு என்று பயப்படுகிறோம். பயணிகள் உயிரிழக்கும் விபத்துகளில் முதலிடம் சாலைக்கு. உலக சுகாதார நிறுவனத்தின் 2023 அறிக்கைப்படி உலகம் முழுக்க ஆண்டுக்கு 11.9 லட்சம் பேர் சாலையில் சாகிறார்கள்.

வண்டி பேசும்போதே சீட் பெல்ட் கேளுங்கள். “இருக்கிறது” என்பார்கள்; இருக்கும், சீட் உறைக்கு அடியில். ஒரு முறை விமான நிலைய வாசலில் வேனை நிறுத்தி, பன்னிரண்டு சீட்டின் உறைகளையும் கழற்றி, பெல்ட்டுகளை ஒவ்வொன்றாக வெளியே இழுத்தோம். இருபது நிமிடம் ஆனது, டிரைவர் சிரித்துக்கொண்டே நின்றார். நாலாவது நாள் வளைவில் வேன் வழுக்கிச் சாக்கடையில் சாய்ந்தபோது அவரும் பெல்ட் போட்டிருந்தார்.

இருட்டிய பின் ஊர் விட்டு ஊர் போகக் கூடாது. இதை அட்டவணை போடும்போதே உறுதி செய்யுங்கள். மாலைக் கூட்டம் நீண்டுவிட்டால் அங்கேயே படுத்துக்கொள்ளும்படி இடம் பேசி வையுங்கள். மோட்டார் சைக்கிள் டாக்ஸி வேண்டாம். டிரைவருக்குத் தூக்கம், சாப்பாடு, சம்பளம் மூன்றும் சரியாகக் கிடைக்கிறதா என்று பார்க்க ஒரு ஆளைப் போடுங்கள். அவர் முந்தைய இரவு எங்கே படுத்தார் என்று கேட்ட டீம்கள் குறைவு. பல நேரம் வண்டிக்குள்ளேயேதான்.

படி 8: குழந்தைகள்

2010 ஜனவரியில் ஹைட்டியில் பெரும் நிலநடுக்கம். அந்த மாதம் 29 அன்று, 33 குழந்தைகளை ஆவணங்கள் இல்லாமல் டொமினிக்கன் குடியரசுக்குக் கொண்டுபோக முயன்ற அமெரிக்க பாப்டிஸ்ட் சபையார் 10 பேர் கைதானார்கள். அனாதைகளைக் காப்பாற்றுவதாகத்தான் சொன்னார்கள். விசாரித்தால் பெரும்பாலான குழந்தைகளுக்கு வீட்டில் பெற்றோர் இருந்தார்கள். நல்லெண்ணம் எல்லைச் சாவடியில் செல்லாது.

அனாதை இல்லம் என்ற பெயரில் வறுமையான வீட்டுப் பிள்ளைகளை வரவழைத்து வெளிநாட்டு விருந்தாளிகளுக்குக் காட்டுகிற இடங்கள் உண்டு. ஆஸ்திரேலியா 2018 நவீன அடிமைத்தனச் சட்டத்தின்போதே இதை ஆள்கடத்தலின் ஒரு வடிவமாகப் பேசியது. பத்து நாளில் ஒட்டிக்கொண்டு பதினோராம் நாள் காணாமல் போகிற அன்பு, அந்தப் பிள்ளைகளுக்கு நன்மை செய்வதில்லை. முடிந்தவரை இல்லத்துக்குப் போவதைத் தவிர்த்து, குடும்பங்களோடு வேலை செய்யும் சபைகளுக்குத் துணை நில்லுங்கள்.

சிறுவர் ஊழியம் இருந்தால், எந்தப் பெரியவரும் எந்தக் குழந்தையோடும் தனியாக இருக்கக் கூடாது. எப்போதும் இரண்டு பெரியவர்கள், கதவு திறந்தபடி. தனிப்பட்ட பரிசு, தனிப்பட்ட தொலைபேசி எண், சமூக வலைதள நட்பு எதுவும் வேண்டாம். தப்பு நடந்ததாகச் சந்தேகம் வந்தால் யாரிடம் சொல்வது என்று பயணத்துக்கு முன்பே பெயரோடு தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பெயர் லீடருடையதாக மட்டும் இருக்கக் கூடாது, ஏனென்றால் சந்தேகம் லீடர் மேலேயே வரலாம்.

படி 9: கைபேசி, படம், பணம்

படங்களுக்கு ஒரே விதி: ஊர் திரும்பும் வரை எதுவும் வெளியே போகாது. திரும்பியதும் உள்ளூர் சபை பார்த்துச் சம்மதித்ததை மட்டும் போடலாம். முகம் தெரியாவிட்டால் போதும் என்பது எங்களைப் போலவே ஏமாறும் வழி. பெயர்ப் பலகை, பள்ளிச் சீருடை, ஜன்னலுக்கு வெளியே தெரியும் மலை, சுவரில் ரசீது, எல்லாம் பேசும். கேமரா அமைப்பில் இருப்பிடப் பதிவை அணைத்துவிடுங்கள். கட்டுப்பாடுள்ள நாடு என்றால் ஜெபக் குறிப்புக் கடிதங்களில் ஊர் பெயர், ஆள் பெயர் வேண்டாம்; நம் சபை அறிவிப்புப் பலகையையும் யாரோ படம் பிடித்துப் போடுவார்கள்.

வங்கி ஓ.டி.பி உங்கள் பழைய சிம்முக்கு வரும், அது வெளிநாட்டில் வேலை செய்யாமல் போகலாம். கிளம்பும் முன்பே ரோமிங் அல்லது செயலி மூலமான சரிபார்ப்புக்கு ஏற்பாடு செய்யுங்கள். பவர் பேங்க் கைப்பையில்தான், 100 வாட்-மணிக்குள் இருக்க வேண்டும் (20,000 எம்.ஏ.எச் என்றால் சுமார் 74). சாட்டிலைட் போன் கொண்டுபோக நினைத்தால் முதலில் சட்டம் பாருங்கள். இந்தியாவில் அனுமதியில்லாமல் வைத்திருந்தாலே கைது செய்வார்கள்.

எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் லீடர் ஒரே பையில் வைத்துக்கொள்வது பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கும். அந்தப் பை தொலையும் நாள்வரை. அவரவர் பாஸ்போர்ட் அவரவரிடம், நகல் லீடரிடம், இன்னொரு நகல் வீட்டில் ஒருவரிடம். பணத்தையும் மூன்று பேரிடம் பிரித்து வையுங்கள். அமெரிக்காவில் 10,000 டாலரைத் தாண்டினாலும், ஐரோப்பிய ஒன்றியத்தில் 10,000 யூரோவோ அதற்கு மேலோ இருந்தாலும் சுங்கத்தில் அறிவிக்க வேண்டும். மற்ற நாடுகளுக்கும் இப்படி ஒரு வரம்பு இருக்கும்.

படி 10: ஒரு பக்க அவசரத் திட்டம்

ஒரு பக்கத்துக்கு மேல் எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள். அதில் இருக்க வேண்டியவை: இருபத்து நான்கு மணி நேரமும் திறந்திருக்கும் நல்ல ஆஸ்பத்திரி எது, எவ்வளவு தூரம், இன்சூரன்ஸ் அவசர எண், தூதரக எண், பிரிந்துவிட்டால் கூடும் இடம், லீடருக்கு முடியாமல் போனால் அடுத்து யார், ஊரில் எல்லாக் குடும்பங்களுக்கும் செய்தி சொல்லும் அந்த ஒரே ஆள் யார். தூதரகத்தில் பயணத்தைப் பதிவு செய்துவிடுங்கள். கைதானால் உங்கள் தூதரகத்துக்குத் தகவல் சொல்லச் சொல்லும் உரிமை தூதரக உதவி பற்றிய 1963 வியன்னா உடன்படிக்கையின் 36ஆம் பிரிவில் இருக்கிறது. கேட்டால்தான் கிடைக்கும்.

எப்போது கிளம்புவது என்பதையும் முன்பே எழுதுங்கள். “நிலைமை மோசமானால்” என்று எழுதினால் அங்கே உட்கார்ந்து வாதம்தான் நடக்கும். “விமான நிலையச் சாலை மூடப்பட்டால்”, “ஊரடங்கு அறிவித்தால்”, “போதகர் போகச் சொன்னால்” என்று எழுதுங்கள். மூன்றில் ஒன்று நடந்தால் கூட்டம் போடாமல் கிளம்ப வேண்டும்.

அங்கே இருக்கும் நாட்களில்

தண்ணீரைக் கொதிவந்த பின் ஒரு நிமிடம் கொதிக்க விடுங்கள்; 2,000 மீட்டருக்கு மேலான ஊர்களில் மூன்று நிமிடம். பல் தேய்க்கவும் அதே தண்ணீர். ஐஸ் வேண்டாம்.

எவரும் யோசிக்காத ஒன்று ஞானஸ்நானம். ஆப்பிரிக்காவின் பல நன்னீர் ஏரிகளில், மலாவி ஏரி, விக்டோரியா ஏரி உட்பட, நத்தைகள் மூலம் பரவும் சிஸ்டோசோமியாசிஸ் புழு உண்டு. இடுப்பளவு தண்ணீரில் நின்றாலே அது தோல் வழியே நுழைந்துவிடும். மேலே வந்து துண்டால் துடைத்துக்கொண்டால் தப்பிவிடலாம் என்று நம்ப முடியாது. உள்ளூர் ஊழியரே ஞானஸ்நானம் கொடுக்கட்டும். அவர்களுடைய சபை, அவர்களுடைய பிள்ளைகள். நீங்கள் கரையில் நின்று பாடுங்கள். தண்ணீரில் இறங்கியிருந்தால் திரும்பி ஆறு முதல் எட்டு வாரம் கழித்துப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், மாத்திரையில் குணமாகும்.

திரும்பிய பிறகு

மலேரியா தலைகாட்டக் குறைந்தது ஏழு நாள் ஆகும். ஆபத்தான ஃபால்சிபாரம் வகை பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள் வரும். வைவாக்ஸ் ஒரு வருடம் தாண்டியும் வரலாம். ஆகவே அடுத்த ஒரு வருடத்தில் எப்போது காய்ச்சல் வந்தாலும் அன்றே மருத்துவரிடம் போய், எந்த நாட்டுக்கு எப்போது போனீர்கள் என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். அவராகக் கேட்க மாட்டார்.

டீமை ஒரு வாரத்துக்குள் கூட்டி, சாட்சி சொல்லும் கூட்டமாக இல்லாமல், எது தப்பாகப் போனது என்று பேசுங்கள். தூக்கம் வராதவர், யாரிடமும் பேசாமல் ஒதுங்குகிறவர் இருந்தால் ஆலோசகரிடம் அனுப்புங்கள்.

ஒரு மாதம் கழித்து அந்தப் போதகருக்குப் போன் செய்யுங்கள். நன்றி கேட்க வேண்டாம், அடுத்த பயணத் தேதியும் பேச வேண்டாம். “நாங்கள் வந்து போனதால் யாராவது வந்து ஏதாவது கேட்டார்களா?” என்று மட்டும் கேளுங்கள். அவர் முதலில் “இல்லை பிரதர், எல்லாம் சுகம்” என்பார். போனை வைக்காமல் கொஞ்சம் பொறுங்கள்.